சிறந்த விளக்கத்தை நம்புவது எப்போது சரி?

பெருந்துறைக்குத் தெற்கே இருக்கும் எங்கள் அப்புச்சியின் தோட்டத்தில் ஒரு நாள் காலையில் கிணற்று மோட்டார் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் தொட்டியில் விழுந்த தண்ணீர் முந்தின நாள் விழுந்ததில் பாதிகூட இல்லை. கிணற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை. உறிஞ்சுகுழாயின் அடிமுனையிலுள்ள புட்வால்வில் சருகு அடைத்திருக்கும் என்றார் ஒரு மாமா. உறிஞ்சுகுழாயின் இணைப்பில் எங்கோ காற்று இழுக்கிறது என்றார் இன்னொருவர். மோட்டார் வாங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டபடியால் உள்ளே தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்துபோயிருக்கும் என்பது அப்புச்சியின் எண்ணம். மூன்றுமே நடக்கக்கூடியவை, மூன்றில் எது உண்மையானாலும் தண்ணீர் குறையத்தான் செய்யும். மெக்கானிக் வந்தார், மோட்டாரில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்.

"பக்கத்துத் தோட்டத்துல தண்ணி எப்படிங்க வருது?"

"அவங்களுக்கும் நேத்துப் பொழுதோட இருந்து பாதித் தண்ணிதானப்பா."

அந்த ஒரு பதிலில் மூன்று விளக்கங்களும் ஒரே நேரத்தில் வலுவிழந்தன. எங்கள் புட்வால்வில் சருகு அடைத்தால் அடுத்த தோட்டத்துத் தண்ணீர் குறைய வேண்டியதில்லை. இரண்டு தோட்டத்து இம்பெல்லர்களும் ஒரே மாலைப்பொழுதில் தேய்ந்துபோவதும் நம்பத்தக்கதாக இல்லை. இரண்டு தோட்டங்களுக்கும் பொதுவாக இருந்தது ஒரே மின்மாற்றி. முந்தின நாள் அந்த வழியில் கம்பி வேலை நடந்திருந்தது. ஆகவே மின்னழுத்தம் குறைந்திருக்கலாம், அல்லது மும்முனை மின்சாரத்தின் கம்பிகளுள் இரண்டு இடம் மாறி மோட்டார் எதிர்த்திசையில் சுற்றலாம் என்ற இரண்டு புதிய விளக்கங்கள் களத்துக்கு வந்தன. ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்த மீட்டர் வழக்கமான வோல்டேஜையே காட்டியது. மோட்டாரை நிறுத்தி மறுபடி போட்டு, பின்புறத்து விசிறி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்தார். அது உடலில் வரைந்திருந்த அம்புக்குறிக்கு எதிராகச் சுற்றியது. இந்த வகைப் பம்பு எதிர்த்திசையில் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீரைத் தள்ளும், ஆனால் அளவும் வேகமும் குறைந்துவிடும். இரண்டு கம்பிகளை இடம் மாற்றிப் பொருத்தியதும் தண்ணீர் பழையபடி விழுந்தது.

அந்த மெக்கானிக் செய்ததற்கு அறிவியல் மெய்யியலில் ஒரு பெயர் உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒரு நிகழ்வுக்குப் பல விளக்கங்கள் சாத்தியமாக இருக்கும்போது, அவற்றுள் எது உண்மையாக இருந்தால் அந்த நிகழ்வு மிக நன்றாக விளங்குமோ அதுவே உண்மை என்று முடிவு செய்வதைச் சிறந்த விளக்க அனுமானம் என்று சொல்லலாம். மருத்துவர் நோயைக் கண்டறிவதும், நீதிமன்றம் சூழ்நிலைச் சான்றுகளை எடைபோடுவதும், தொல்லியலாளர் மண்ணடுக்கைப் படிப்பதும், இயற்பியலாளர் கண்ணுக்குப் புலப்படாத அணுவைப் பற்றிப் பேசுவதும் பெரும்பாலும் இந்த வழியில்தான். இவ்வளவு இடங்களில் பயன்படும் ஒரு முறை எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பது மெய்யியலில் இன்றும் தீராத வழக்காக இருக்கிறது. அந்த வழக்கைப் புரிந்துகொள்ளப் போதுமான அறிமுகத்தைத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இதை மற்ற இரண்டு அனுமான முறைகளிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். பள்ளிப் பாடநூல்கள் விதிவிளக்க முறை என்று சொல்வதில், எடுத்துக்கொண்ட கூற்றுகள் உண்மையானால் முடிவும் உண்மையாகியே தீரும். அணைக்குக் கீழே உள்ள எல்லா வாய்க்கால்களிலும் இன்று தண்ணீர் விட்டிருக்கிறார்கள், இந்த வாய்க்கால் அணைக்குக் கீழே உள்ளது, ஆகவே இதிலும் தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்னும் அனுமானத்தில் தவறு நேர இடமில்லை. ஆனால் கூற்றுகளுக்குள் ஏற்கெனவே அடங்கியிருந்ததைத் தவிர வேறெதுவும் முடிவில் கிடைப்பதில்லை. விதிவரு முறை அதைத் தாண்டிப் போகிறது. ஆனி, ஆடி மாதங்களில் ஆண்டுதோறும் கோவையிலும் பல்லடத்திலும் மேல்காற்று பலமாக வீசியிருக்கிறது, ஆகவே வரும் ஆடியிலும் வீசும் என்று சொல்லும்போது, பார்த்தவற்றிலிருந்து பார்க்காததற்குப் போகிறோம். அந்த முடிவு பொய்த்துப்போகவும் கூடும்.

ஆயினும் விதிவரு முறை ஒரே வகையான நிகழ்வுகளின் வரிசையைத்தான் நீட்டுகிறது. அந்தக் காற்று ஏன் கோவைப் பக்கம் இவ்வளவு பலமாக வீசுகிறது என்று ஒருவர் கேட்டு, மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டருகே விலகி ஒரு பெரிய கணவாயாகத் திறந்திருப்பதால் தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியே நெருக்கப்பட்டு உள்ளே வருகிறது என்று பதில் சொன்னால், அவர் காற்றுகளின் வரிசைக்கு வெளியே இருக்கும் ஒன்றைக் கொண்டுவந்து வரிசையை விளங்கவைக்கிறார். மலையையே பார்த்திராத ஒருவர்கூடக் காற்றின் போக்கை மட்டும் கவனித்து, மேற்கே ஏதோ ஒரு திறப்பு இருக்க வேண்டும் என்று ஊகித்திருக்க முடியும். தெரிந்த விளைவிலிருந்து தெரியாத காரணத்துக்குப் பின்னோக்கிச் செல்லும் இந்தத் தாவல்தான் மூன்றாவது முறையின் தனி இயல்பு.

நம் மரபில் இதற்கு நெருக்கமான ஒன்று உண்டு. தேவதத்தன் பகலில் உண்பதில்லை, ஆனாலும் பருத்த உடலோடு இருக்கிறான், ஆகவே அவன் இரவில் உண்ண வேண்டும் என்பது வேதங்களின் பொருளை ஆராய்ந்த மெய்யியல் மரபினரான மீமாம்சகர்கள் காட்டும் பழைய எடுத்துக்காட்டு. அறிவைப் பெறும் இந்த வழிக்கு, அதாவது அளவைக்கு, அருத்தாபத்தி என்று பெயர். மணிமேகலையில், வஞ்சி நகரில் சமயக்கணக்கர்களின் கொள்கைகளைக் கேட்கும் காதையில், வைதிக அளவைவாதி எண்ணிச் சொல்லும் அளவைகளுள் இதுவும் ஒன்று. ஆய்க்குடி, அதாவது ஆயர்களின் குடியிருப்பு, கங்கையில் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், ஆற்றுநீருக்குள் குடியிருக்க முடியாதாகையால் கங்கைக் கரையில் இருக்கிறது என்று எண்ணிக்கொள்வது அங்கே தரப்படும் எடுத்துக்காட்டு. இவ்வளவு சிறிய ஒன்றில் இந்த அனுமானத்தின் எலும்புக்கூடு முழுவதும் இருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது. ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக்கூடாது. அருத்தாபத்தி, வேறு எந்த வகையிலும் பொருந்தாது என்ற இடத்தில் நிற்கிறது. சிறந்த விளக்க அனுமானமோ வேறு வகைகளும் பொருந்தக்கூடும் என்று ஒப்புக்கொண்டு, அவற்றுக்குள் ஒன்றைத் தேர்கிறது.

மேற்கில் இதைத் தனி முறையாகப் பிரித்துக் காட்டியவர் அமெரிக்க மெய்யியலாளர் சார்லஸ் சாண்டர்ஸ் பியர்ஸ் (1839–1914). வியப்பளிக்கும் ஒரு நிகழ்வு காணப்படுகிறது. ஒரு குறிப்பிட்ட கருத்து உண்மையானால் அந்நிகழ்வில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே அந்தக் கருத்து உண்மையாக இருக்கலாம் என்று ஐயுற இடமுண்டு என்பது அவர் தந்த வடிவத்தின் சாரம். அவர் இதை அப்டக்‌ஷன் என்று அழைத்தார். அவருடைய வடிவம் ஐயுற இடமுண்டு என்பதோடு நின்றுவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அவருக்கு இது பெரிதும் புதிய கருதுகோளைப் பிறப்பிக்கும் வழி, அதை மெய்ப்பிக்கும் வேலை பிறகு சோதனையுடையது. 1965 இல் கில்பர்ட் ஹார்மன் எழுதிய ஒரு கட்டுரைதான் சிறந்த விளக்கத்துக்கான அனுமானம் என்ற பெயரை நிலைபெறச் செய்தது. அவர் ஓரடி மேலே போய், விதிவரு முறையே தனித்து நிற்கும் ஒன்றல்ல, அதுவும் இதன் ஒரு வகைதான் என்று வாதிட்டார். ஆண்டுதோறும் காற்று வீசியதைக் கொண்டு வரும் ஆண்டிலும் வீசும் என்று நம்புவது, தற்செயல் என்பதைவிட ஏதோ ஒரு நிலையான காரணம் இருக்கிறது என்பதே நல்ல விளக்கமாகத் தோன்றுவதால்தான் என்பது அவருடைய வாதத்தின் போக்கு.

எந்த விளக்கம் சிறந்தது என்று எப்படி அறிவது? வழக்கமாகச் சொல்லப்படும் தகுதிகள் பல. காரணம் விளைவை எந்த வழியில் உண்டாக்குகிறது என்பதைக் காட்ட வேண்டும். ஒன்றை மட்டும் விளக்காமல் தொடர்புடைய பலவற்றையும் சேர்த்து விளக்க வேண்டும். ஏற்கெனவே உறுதியாகத் தெரிந்தவற்றோடு முரணக்கூடாது. தேவையில்லாத கற்பனைப் பொருள்களைக் கூட்டாமல் எளிமையாக இருக்க வேண்டும். இவை எல்லாம் சரிதான். ஆனால் தொடங்குபவருக்கு இவற்றைவிட அதிகம் பயன்படும் ஒரு கருத்தை ஆங்கிலேய மெய்யியல் உலகில் பணியாற்றிய பீட்டர் லிப்டன் 1991 இல் வெளியிட்ட தம் நூலில் வலியுறுத்தினார். இது ஏன் நிகழ்ந்தது என்ற கேள்வி பெரும்பாலும் முழுமையற்றது. இது ஏன் நிகழ்ந்தது, அது ஏன் நிகழவில்லை என்று இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போதுதான் விளக்கங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரியும். மெக்கானிக் அடுத்த தோட்டத்தைப் பற்றிக் கேட்டது இதைத்தான். அடுத்த தோட்டத்தில் தண்ணீர் நன்றாக வந்திருந்தால் அவர் கம்பியைப் பார்த்திருக்க மாட்டார், நேராகப் புட்வால்வுக்குப் போயிருப்பார்.

லிப்டன் இதற்குக் காட்டும் பெரிய எடுத்துக்காட்டு, இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் 1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் நடத்திய ஆய்வு. அங்கே பிரசவத்துக்கு இரண்டு பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் 1846 இல் குழந்தை பெற்ற தாய்மார்களில் 11.4 விழுக்காட்டினர் பிரசவக் காய்ச்சலால் இறந்தனர். இரண்டாம் பிரிவில் அதே ஆண்டு இறந்தவர்கள் 2.7 விழுக்காட்டினர். ஒரே மருத்துவமனை, ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே வகைப் பெண்கள். காற்றில் பரவும் ஏதோ ஒரு கேடு என்று அன்று பலர் சொன்னார்கள். ஆனால் காற்று ஒரு பிரிவில் நுழைந்து அடுத்த பிரிவுக்கு நுழையாமல் நிற்காது. கூட்ட நெரிசல் என்றார்கள். நெரிசல் இரண்டாம் பிரிவில்தான் அதிகம். இறக்கும் நிலையில் இருப்பவரிடம் செல்லும் பாதிரியாரும் அவருக்கு முன்னால் மணியடித்துச் செல்லும் பணியாளரும் முதல் பிரிவின் கூடங்கள் வழியே போவதால் தாய்மார்கள் அஞ்சி நோயுறுகிறார்கள் என்ற கருத்தும் எழுந்தது. செம்மல்வைஸ் அதையும் தள்ளிவிடவில்லை, பாதிரியாரைச் சுற்றுவழியில், மணியோசை இன்றிப் போகச் செய்து பார்த்தார், இறப்பு குறையவில்லை. படுக்கும் நிலையை மாற்றிப் பார்த்தார், அதிலும் பயனில்லை.

1847 இல் அவருடன் பணியாற்றிய கொலெட்ச்கா என்னும் மருத்துவர், பிணப்பரிசோதனையின்போது ஒரு மாணவரின் கத்தி பட்டுக் காயமுற்று, பிரசவக் காய்ச்சலைப் போன்ற அறிகுறிகளோடு இறந்தார். அப்போதுதான் இரண்டு பிரிவுகளுக்கும் இடையிலிருந்த ஒரு வேறுபாடு பொருளுடையதாயிற்று: முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள், அவர்கள் பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வந்தார்கள், இரண்டாம் பிரிவில் பயின்ற மருத்துவச்சிகள் பிணங்களை அறுப்பதில்லை. பிணத்திலிருந்து கையில் ஒட்டும் பொருளே காரணம் என்று முடிவுசெய்து, குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிய பின்னரே தாய்மார்களைத் தொட வேண்டும் என்று அவர் ஆணையிட்டார். 1848 இல் முதல் பிரிவின் இறப்பு 1.27 விழுக்காடாகவும் இரண்டாம் பிரிவின் இறப்பு 1.33 விழுக்காடாகவும் இருந்தன. அந்த இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போது என் மனம் அவற்றுக்கு முந்தைய ஆண்டுகளின் தாய்மார்களை நினைக்காமல் இருப்பதில்லை.

இந்த வரலாற்றில் வென்ற விளக்கத்தின் சிறப்பு, அது இறப்பை விளக்கியது என்பதால் மட்டும் வந்ததன்று. காற்றும் நெரிசலும் அச்சமும்கூட இறப்பை விளக்கக்கூடியவையே. அவற்றால் இயலாத ஒன்றை, அதாவது முதல் பிரிவுக்கும் இரண்டாம் பிரிவுக்கும் இடையிலான வித்தியாசத்தை, அது விளக்கியது. கண்ணேறு பட்டுவிட்டது என்ற விளக்கத்தை அறிவியல் ஏற்காததற்கும் இதுவே முதன்மையான காரணம் என்று நினைக்கிறேன். மாடு கறவை குறைந்தாலும், பயிர் கருகினாலும், மோட்டார் நின்றாலும் கண்ணேறு பொருந்தும். எதற்கும் பொருந்துவதாலேயே, இது ஏன் நேற்று நேராமல் இன்று நேர்ந்தது, ஏன் இந்த வயலில் நேர்ந்து அந்த வயலில் நேரவில்லை என்ற கேள்விக்கு அதனால் விடை தர முடிவதில்லை.

நம் ஊர் அருகிலேயே இதற்கு ஓர் அழகிய எடுத்துக்காட்டு மண்ணுக்குள் இருக்கிறது. சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலில் 1980களிலிருந்து பலமுறை அகழாய்வு நடந்திருக்கிறது. சங்க இலக்கியமான பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பாடும் ஊர் இதுவே என்பது ஆய்வாளர்களின் கருத்து. அங்கே சூதுபவளம், அகேட், பெரில், நீலக்கல், படிகம் எனப் பலவகைக் கற்களால் ஆன மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. சூதுபவளத்துக்கான கல் கொங்கு நாட்டில் கிடைப்பதன்று. அது குஜராத் போன்ற தொலைவான பகுதிகளிலிருந்து வந்திருக்க வேண்டும். அப்படியானால் இரண்டு விளக்கங்கள் எழுகின்றன. வெளியூரில் செய்து முடித்த மணிகளை வணிகர்கள் கொண்டுவந்து இங்கே விற்றிருக்கலாம். அல்லது கல்லை மட்டும் கொண்டுவந்து மணியை இங்கேயே செய்திருக்கலாம். மணிகளை மட்டும் பார்த்தால் இரண்டும் சமம்தான்.

ஆனால் அகழாய்வில் முழுமையான மணிகளோடு கற்கட்டிகளும், சிதறிய சில்லுகளும், வடிவம் மட்டும் கொடுக்கப்பட்டுத் துளையிடாத மணிகளும், மெருகேற்றாமல் விட்டவையும் கிடைத்தன. விற்பனைக்கூடத்துக்கு யாரும் சில்லுகளைச் சுமந்துகொண்டு வருவதில்லை. பட்டறை என்ற விளக்கம் இத்தனை நிலைகளையும் ஒரே காரணத்தால் விளங்கவைக்கிறது. கடை என்ற விளக்கமோ ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு சாக்கைத் தேட வேண்டியதாகிறது. அண்மையிலுள்ள படியூரில் பெரிலும் சிவன்மலைப் பகுதியில் நீலக்கல் வகையும் கிடைப்பது, கல்லை அறியும் கைகள் இப்பகுதியில் ஏற்கெனவே இருந்தன என்பதோடு ஒத்துப்போகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கைவினைஞர் துளையிடத் தொடங்கிப் பாதியில் விட்ட மணிதான், முழுமையான மணிகளைக் காட்டிலும் அந்த ஊரைப் பற்றி அதிகம் சொல்கிறது.

இதுவரை சொன்னவை எல்லாம் இந்த முறையின் வெற்றிகள். இனி அதன் மேல் சாட்டப்படும் குற்றத்துக்கு வருவோம். அது எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல. டச்சு நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மெய்யியலாளர் பாஸ் வான் ஃபிராசன் 1980களில் எழுதிய நூல்களில் இதை அழுத்தமாக முன்வைத்தார். சிறந்த விளக்கம் என்றால் எவற்றுள் சிறந்தது? நம் மனத்தில் அதுவரை தோன்றிய விளக்கங்களுள் சிறந்தது என்பதுதானே? தோன்றியவை எல்லாமே தவறானவையாக இருந்தால், அந்தத் தவறுகளுள் மிக நல்லதைத்தான் நாம் தேர்ந்தெடுத்திருப்போம். ஓட்டப்பந்தயத்தில் முதலில் வந்தவர் வேகமானவர் என்று சொல்வதற்கு முன், யார் யார் ஓடினார்கள் என்று பார்க்க வேண்டும் என்பது போன்றது இது.

இந்தக் குற்றச்சாட்டின் பொருளைப் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் நன்றாகக் காணலாம். தென்னோலையின் மேற்புறத்தில் கரும்புகைபோல ஒரு பூசணம் படர்ந்திருந்தால், ஒரு விவசாயி பூசண நோய் என்று எண்ணிப் பூசணக்கொல்லி தெளிப்பது இயல்பு. அவர் அறிந்த நோய்களுக்குள் அது நல்ல விளக்கமும்கூட. ஆனால் 2016 இல் பொள்ளாச்சிப் பகுதியில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ என்னும் பூச்சி கண்டறியப்பட்டது. அது மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்தது, அதற்கு முன் இந்தியாவில் பதிவானதில்லை. ஓலையின் அடிப்புறத்தில் அமர்ந்து சாற்றை உறிஞ்சும் அந்த ஈ தேன்போன்ற ஒரு கழிவைச் சொரிகிறது. அது கீழே இருக்கும் ஓலைகளின் மேற்புறத்தில் விழ, அதன்மேல் கரும்பூசணம் வளர்கிறது. பூசணம் இருந்தது உண்மை. அது காரணமன்று, விளைவு. இதற்கு முந்தைய அனுபவம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் நம் ஊர் விவசாயியின் பட்டியலில் அந்த ஈயின் பெயர் இருந்திருக்க வழியில்லை. அவருடைய தர்க்கத்தில் பிழையில்லை, பட்டியலில்தான் ஓரிடம் காலியாக இருந்தது.

வானியலில் இதே பாடம் ஒரே மனிதரின் வாழ்க்கையில் இரண்டு முறை, எதிரெதிரான முடிவுகளோடு நிகழ்ந்தது. 1781 இல் கண்டறியப்பட்ட யுரேனஸ் கோள், நியூட்டனின் விதிகளைக் கொண்டு கணித்த பாதையிலிருந்து சிறிது விலகிச் சென்றது. வெகுதொலைவில் ஈர்ப்பு விதியே மாறுபடுகிறது என்பது ஒரு விளக்கம். அறியப்படாத இன்னொரு கோள் அதை இழுக்கிறது என்பது மற்றொன்று. பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே இரண்டாவதை எடுத்துக்கொண்டு அந்தக் கோள் எங்கே இருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லின் வான்காணகத்தில் வானியலாளர் காலே தொலைநோக்கியைத் திருப்பியபோது, கணித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்கும் குறைவான தொலைவில் நெப்டியூன் இருந்தது.

பின்னர் லெவெரியே புதன் கோளை ஆராய்ந்தார். சூரியனுக்கு மிக அருகில் புதன் வரும் புள்ளி மெல்ல நகர்கிறது. தெரிந்த கோள்களின் ஈர்ப்பை எல்லாம் கழித்த பின்னும் ஒரு நூற்றாண்டுக்குச் சிறிதளவு, இன்றைய கணக்கில் 43 விகலை, விளக்கமின்றி எஞ்சுகிறது. யுரேனஸுக்கு உதவிய விளக்கம் இதற்கும் உதவும் என்று நினைப்பதைவிட இயல்பானது எதுவுமில்லை. 1859 இல் அவர் புதனுக்கும் சூரியனுக்கும் இடையே அறியப்படாத பொருள் ஏதோ இருப்பதாக முன்மொழிந்தார். வல்கன் என்று பெயரும் வைக்கப்பட்டு, பல பத்தாண்டுகள் தேடப்பட்டது. அப்படி ஒரு கோள் இல்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தம் பொதுச் சார்பியல் கொள்கையைக் கொண்டு அந்த எச்சத்தை அப்படியே கணக்கிட்டுக் காட்டினார். முதல் முறை தள்ளப்பட்ட வகை விளக்கம், அதாவது ஈர்ப்பு விதியிலேயே திருத்தம் வேண்டும் என்பது, இரண்டாம் முறை உண்மையாயிற்று. ஆனால் உண்மையான அந்தத் திருத்தம் 1859 இல் எவருடைய பட்டியலிலும் இல்லை, இருந்திருக்கவும் முடியாது.

அப்படியானால் இந்த முறையையே கைவிட வேண்டுமா? வான் ஃபிராசனின் நிலைப்பாடு அவ்வளவு எளிமையானதல்ல. கண்ணால் காணத்தக்கவற்றைப் பொறுத்தவரை ஒரு கொள்கை சரியாகச் சொல்கிறது என்று ஏற்பது போதும், அது பேசும் காணமுடியாத பொருள்களும் இருக்கின்றன என்று நம்ப வேண்டிய கட்டாயமில்லை என்பதே அவர் கூற்று. இங்கே நான் அவரோடு உடன்படவில்லை, காரணத்தைச் சொல்கிறேன். அணுக்கள் இருக்கின்றனவா என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூடச் சில பெரிய அறிவியலாளர்களுக்கு ஐயமாக இருந்தது. பிரெஞ்சு இயற்பியலாளர் ஜான் பெரன், நீரில் மிதக்கும் நுண்துகள்களின் ஓயாத அசைவு முதலாக ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல வழிகளில், குறித்த அளவு பொருளில் எத்தனை மூலக்கூறுகள் உள்ளன என்பதைக் கணக்கிட்டும் பிறர் கணக்கிட்டவற்றோடு ஒப்பிட்டும் காட்டினார். விடைகள் ஒன்றையொன்று நெருங்கி நின்றன. மூலக்கூறுகள் உண்மையில் இருந்தால் அந்த ஒற்றுமை எதிர்பார்க்கத்தக்கது. இல்லையென்றால், வெவ்வேறு ஊர்களில் ஒருவரையொருவர் அறியாத பலர் ஒரே எண்ணைச் சொன்னதுபோல அது விளங்காததாக நிற்கும். கொடுமணலின் சில்லுகள் பட்டறையைக் காட்டுவதற்கும் பெரனின் எண்கள் மூலக்கூறைக் காட்டுவதற்கும் இடையே, அனுமானத்தின் வகையில் எந்த வேறுபாட்டையும் என்னால் காண முடியவில்லை. அந்தப் பட்டறையையும் இன்று எவரும் கண்ணால் கண்டதில்லை.

ஆயினும் வான் ஃபிராசனின் குற்றச்சாட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பட்டியலில் முதலிடம் பெற்றது என்பது மட்டும் போதாது. அந்த விளக்கம் தன்னளவிலும் நல்லதாக இருக்க வேண்டும், இரண்டாமிடத்திலிருந்து தெளிவாக முன்னே நிற்கவும் வேண்டும். லிப்டனும் இதையொட்டி ஓர் எச்சரிக்கை தருகிறார். உண்மையாக இருந்தால் மிக அழகாக விளக்கும் என்பதும், உண்மையாக இருக்க மிகவும் வாய்ப்புள்ளது என்பதும் இரண்டு வேறு தகுதிகள். தேர்தலானாலும் நோயானாலும் எல்லாவற்றையும் ஒரே மறைமுகச் சதியால் விளக்குகிறவர் முதல் தகுதியை நிறையப் பெற்றிருக்கிறார். இரண்டாவது தகுதி அவரிடம் ஏறக்குறைய இல்லை. அழகு உண்மைக்கு வழிகாட்டி என்பது லிப்டனின் கொள்கை; ஆனால் எவ்வளவு தொலைவு வரை வழிகாட்டும் என்பது ஒவ்வொரு துறையிலும் அனுபவத்தால் அறிய வேண்டியது.

செம்மல்வைஸின் விளக்கத்தையே மறுபடி பாருங்கள். பிணப்பொருளே காரணம் என்று உறுதியாக இருந்த அவர், ஒருமுறை உடன் பணியாற்றியவர்களோடு கைகளை நன்றாகக் கழுவிவிட்டு, அழுகிய கருப்பைப்புற்று உள்ள ஒரு பெண்ணை முதலில் பரிசோதித்தார். அதன்பின் மறுபடி கிருமிநீக்கம் செய்யாமல் அதே அறையிலிருந்த பன்னிரண்டு பெண்களைப் பரிசோதித்தார்கள். அவர்களுள் பதினொருவர் இறந்தனர். பிணம் அங்கே இல்லை. ஆகவே உயிருள்ள உடலின் அழுகற்பொருளும் காரணமாகலாம் என்று அவர் தம் விளக்கத்தை விரிவாக்கினார். நோயை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் பற்றிய அறிவு அன்று இல்லாததால், அவருடைய திருத்திய விளக்கமும் முழு உண்மையன்று. ஆயினும் அது உண்மை இருந்த திசையைப் பார்த்து நின்றது, கைகழுவுதலும் உயிர்களைக் காத்தது.

எதுவும் தெளிவாக முன்னே நிற்காத இடத்தில் என்ன செய்வது என்பதற்கும் கொடுமணலே உதவும். அங்கே கிடைத்த பானையோடுகளில் தமிழ்-பிராமி எழுத்தில் ஆட்பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆதன் போன்ற தமிழ்ப் பெயர்களும் உண்டு, பிராகிருதச் சாயல் கொண்ட பெயர்களும் உண்டு. வடக்கிலிருந்து வந்த வணிகர்களும் கைவினைஞர்களும் இங்கே தங்கி வாழ்ந்தார்கள் என்பது ஒரு விளக்கம். கற்கள் வந்த தொலைவு அதற்குத் துணை நிற்கிறது. சமணம், பௌத்தம் ஆகிய சமயங்களின் வழியாக உள்ளூர் மக்களே அத்தகைய பெயர்களை வைத்துக்கொண்டார்கள் என்பது மற்றொரு விளக்கம். இன்று கொங்கு நாட்டு வீடுகளில் வடமொழிப் பெயர் கொண்டவர்கள் எல்லாரும் வடக்கிலிருந்து வந்தவர்கள் அல்லரே. இரண்டும் கலந்தே நிகழ்ந்திருக்கவும் கூடும். பெயர் பொறித்த ஓட்டை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றைப் பிரிக்க முடியாது. அத்தகைய பெயர் கொண்ட ஓடுகள் ஊரின் ஒரு பகுதியில் மட்டும், வேறுபட்ட புழங்குபொருள்களோடு சேர்ந்து கிடைக்கின்றனவா, அல்லது எல்லா வீடுகளிலும் ஒரே வகைப் பானைகளோடு பரவிக் கிடக்கின்றனவா என்று பார்ப்பது, அடுத்த தோட்டத்தைப் பற்றி மெக்கானிக் கேட்ட கேள்விக்கு இணையானது. அதற்கு ஓட்டில் இருக்கும் எழுத்தைப் படிப்பதோடு, அந்த ஓடு எந்தக் குழியில், எந்த ஆழத்தில், எவற்றுக்கு நடுவே கிடந்தது என்ற குறிப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.